98 நாளுக்குள் அடங்காத பேறுகாலம்

மலேசியத் தீபகற்பத்தில் தனியார் நிறுவனத்தில் வேலை செய்யும் பெண்ணுக்குச் சட்டம் தருகிற பேறுகால விடுப்பு 98 நாள். 2023 ஜனவரி 1 முதல்தான் இந்தக் கணக்கு. அதற்கு முன்பு 60 நாள். கூட்டியதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனாலும் ஒரு சின்னக் கழித்தல் கணக்கு பாக்கியிருக்கிறது. 40 வாரத்தில் பிறக்க வேண்டிய குழந்தை 28 வாரத்தில் பிறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். விடுப்பு பிரசவத்தோடு ஓடத் தொடங்கிவிடுகிறது. 98 நாள் என்றால் 14 வாரம். அது முடிந்து தாய் வேலைக்குத் திரும்பும் நாளில், பிறக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணினால், குழந்தைக்கு வயது இரண்டே வாரம். அதற்கு முந்தைய 12 வாரத்தில் பெரும்பகுதி மருத்துவமனையின் கண்ணாடிப் பெட்டிக்குள் போயிருக்கும். குழந்தை வீட்டுக்கு வந்து, பால் குடிக்கப் பழகி, பசிக்கு எது அழுகை, தூக்கத்துக்கு எது அழுகை என்று தாய்க்குப் பிடிபடத் தொடங்கும் நேரத்தில் விடுப்பு தீர்ந்துவிடுகிறது.

குறைமாதக் குழந்தைகளின் வளர்ச்சியைப் பற்றிப் பேச்சு வந்தால், 'தாயின் மன அழுத்தம் பிள்ளையைப் பாதிக்கும்' என்ற வரியும் கூடவே வந்துவிடும். அதில் உண்மை இல்லாமல் இல்லை. சொல்லப்படும் விதத்தில்தான் கோளாறு. ஏற்கெனவே தூக்கமில்லாத ஒருத்தியின் தலையில் அது இன்னொரு குற்றத்தையும் ஏற்றிவைக்கிறது. அவளுடைய அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று நிதானமாகப் பார்த்தால், அதில் பெரும்பங்கு அவள் மனத்துக்கு வெளியே உருவானது என்று தெரியும். தூரம், ஷிப்ட் நேரம், சம்பளம், வீட்டு வழக்கம், விளங்காத மருத்துவப் பேச்சு எல்லாம் சேர்ந்து செய்து கொடுத்த அழுத்தம் அது. செய்து கொடுத்ததைக் குறைக்கவும் முடியும் என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டை எடுத்துக்கொள்வோம். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவே, ரப்பர் பால்மரமும் செம்பனையும் சூழ்ந்த ஊர். மலேசிய இந்தியர் காங்கிரஸின் தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் பிறந்த ஊர். 1948 ஜூன் 16 அன்று இந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து, கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் பிறந்தது என்று வரலாற்றுப் புத்தகங்கள் எழுதும். நமக்கு இங்கே வேண்டியது அதைவிடச் சாதாரணமான செய்தி: ஊரில் இருப்பது சிறிய அரசு மருத்துவமனை. 32 வாரத்துக்கு முன் பிறக்கும் குழந்தைக்கு வேண்டிய தீவிர சிகிச்சை, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளி ஈப்போவில் இருக்கும் ராஜா பெர்மாய்சூரி பைனுன் மருத்துவமனை போன்ற பெரிய இடத்தில்தான் கிடைக்கும்.

கார் உள்ளவர்களுக்கு 30 கிலோமீட்டர் ஒரு தூரமே இல்லை. வீட்டில் ஒரே ஒரு மோட்டார் சைக்கிள், அதையும் கணவர் வேலைக்கு எடுத்துப் போய்விடுகிறார், தாய்க்கு வயிற்றில் அறுவைத் தையல் ஆறவில்லை என்றால் அது பெரிய தூரம். பீய்ச்சிய தாய்ப்பாலை ஐஸ் வைத்த பெட்டியில் தினமும் யார் கொண்டுபோவது என்பது அந்த வீட்டின் தலையாய பிரச்சினையாகிவிடும். மூத்த குழந்தை இருந்தால் அதைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது யார் என்பது அடுத்தது.

தோட்டம் தோட்டமாக இருந்த காலத்தில் இதற்கெல்லாம் ஒரு ஏற்பாடு இருந்தது. பெருமைப்பட ஒன்றுமில்லாத ஏற்பாடுதான். லயம் என்ற வரிசைக் குடியிருப்பில் பக்கத்து வீட்டுச் சுவருக்கு அப்பால் நாலு பெண்கள் இருந்தார்கள். பால் வெட்டப் போகும் தாய் விடியற்காலையில் குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போனாள். காய்ச்சலுக்குத் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸர் இருந்தார். அந்தக் காலத்தில் 28 வாரக் குழந்தை பிழைத்தே இருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்; பழையதை நினைத்து ஏங்க நியாயமில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மேம்பாட்டுக்கு விற்கப்பட்டு, ஆட்கள் தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கும் அடுக்குமாடிக்கும் பெயர்ந்த பிறகு குழந்தையைப் பிழைக்க வைக்கும் மருத்துவம் வந்தது. கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் கைகள் குறைந்தன. இந்த இரண்டும் ஒரே தலைமுறைக்குள் நடந்துவிட்டன.

மருத்துவக் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். 37 வாரம் நிறையும் முன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறார்கள். 32 முதல் 37 வாரம் வரை ஒரு வகை, 28 முதல் 32 வரை இன்னொன்று, 28க்கும் குறைந்தால் மிகக் கடுமையான குறைமாதம். உலக அளவில் 2020இல் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. ஏறத்தாழ பத்தில் ஒன்று. காரணங்கள் பல: இரட்டைக் குழந்தை, தொற்று, கர்ப்பகால இரத்த அழுத்தம், முந்தைய குறைப்பிரசவம், சர்க்கரை நோய். கடைசியாகச் சொன்னது நம் சமூகத்துக்கு நெருக்கமானது. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. மற்ற இனங்களைவிட அதிகம். பல பிரசவங்களில் காரணமே தெரியாமல் போவதும் உண்டு. 'நீ மாடிப்படி ஏறியதால்தான்', 'ராத்திரி தலைக்குக் குளித்ததால்தான்' என்று வீட்டில் தீர்ப்பு எழுதுகிறவர்களுக்கு அது மட்டும் ஏனோ கேட்பதில்லை.

எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது, ஏழாம் மாதத்துப் பிள்ளை தங்கிவிடும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. உண்மை நேர்மாறானது. வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு ஆதாயம். 34 வாரத்தில் மூளையின் எடை, 40 வாரத்தில் இருக்கப்போவதில் மூன்றில் இரண்டு பங்குதான். உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சு விடுதல் ஆகிய மூன்றையும் ஒழுங்காகச் சேர்த்துச் செய்யும் திறமை 32, 34 வாரத்துக்குப் பிறகுதான் கைகூடுகிறது. அதனால்தான் முதலில் குழாய் வழியே பால். இரும்புச்சத்தைக் குழந்தை சேமிப்பதே கடைசி மூன்று மாதத்தில்தான். அதனால்தான் பிறகு இரும்புச்சத்துச் சொட்டு மருந்து. நுரையீரலுக்கும் இப்படித்தான். தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் வேகமாக முதிர்கிறது என்று நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹோவி என்ற இரு மருத்துவர்கள் 1972இல் காட்டினார்கள். இன்றும் அந்த ஊசிதான் பெரிய காவல். அது முழுப் பலன் தர ஒரு நாளாவது வேண்டும். எனவே மாதம் நிறையும் முன் வலியோ நீர்க்கசிவோ தென்பட்டால் விடியட்டும் என்று காத்திருப்பது, பெரிய மருத்துவமனைக்குத் தொலைவில் இருக்கும் ஊரில் விலை கூடிய தாமதம்.

குழந்தை பிறந்துவிட்டது. இனித் தாயின் கதை.

சிசுத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பெற்றோரை எது அதிகம் வாட்டுகிறது என்று அளக்க, மார்கரெட் மைல்ஸ் என்ற அமெரிக்கத் தாதியியல் ஆய்வாளர் ஒரு வினாப்பட்டியல் உருவாக்கினார். பல நாடுகளில் அதைப் பயன்படுத்திவிட்டார்கள். இயந்திரங்களின் சத்தமும் குழந்தையின் மேல் ஒட்டியிருக்கும் கம்பிகளும் பயமுறுத்துவது நிஜம். ஆனால் பெரும்பாலான ஆய்வுகளில் முதலிடத்தில் நிற்பது வேறொன்று: 'நான் அதன் தாய், எனக்குச் செய்ய ஒன்றுமில்லை' என்ற உணர்வு. தூக்க முடியாது, பால் கொடுக்க முடியாது, அழுதால் ஓட முடியாது. எல்லாவற்றுக்கும் மிஸ்ஸியின், அதாவது தாதியின், அனுமதி வேண்டும்.

இங்கே நம் வீட்டு வழக்கம் குறுக்கே வருகிறது. பிரசவமானவள் முப்பது நாள் பத்தியத்தில் இருக்க வேண்டும், காற்றுப் படக் கூடாது, வெளியே போகக் கூடாது. உடம்பு தேறுவதற்காக ஏற்பட்ட நல்ல ஓய்வுதான் அது. குழந்தை பக்கத்தில் ஏணையில் கிடக்கும் வீட்டுக்காக ஏற்பட்டது. பிள்ளை ஈப்போவில் கிடக்கும்போது அதே பத்தியம் தாயைப் பிள்ளையிடமிருந்து பிரித்துவைக்கும் வேலியாகிறது. மாமியார் சொல்வதைக் கேட்டால் குழந்தையைப் பார்க்க முடியாது. குழந்தையைப் பார்க்கப் போனால் 'சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, அதனால்தான் பால் ஊறவில்லை' என்ற பேச்சு. கேட்க வருகிறவர்களும் சும்மா இருப்பதில்லை. முழுக்காலக் குழந்தையைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு 1,200 கிராம் எடையுள்ள பிள்ளையைப் பார்த்ததும் முகம் மாறிவிடும். பெயர் சூட்டுவது எப்போது, தொட்டில் போடுவது எப்போது என்று யாரும் கேட்க மாட்டார்கள். அந்த மௌனத்தைத் தாய் சரியாகவே புரிந்துகொள்வாள்.

மருத்துவம் இதற்கு வைத்திருக்கும் பதில், ஆச்சரியப்படும்படி, மலிவானது. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் எட்கர் ரே என்ற மருத்துவர், கண்ணாடிப் பெட்டிகள் போதாத நிலையில், குறைமாதக் குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு நிமிர்த்திக் கட்டிவைக்கச் சொன்னார். கங்காரு பராமரிப்பு என்று பெயர் வந்தது. ஏழை நாட்டு மாற்றுவழி என்று பல காலம் ஒதுக்கப்பட்டது. இந்தியாவிலும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளிலும் நடந்து 2021இல் வெளியான பெரிய ஆய்வு, குழந்தையின் நிலை சீராகும்வரை காத்திராமல் பிறந்ததிலிருந்தே இப்படி வைத்தால் இறப்பு 25 விழுக்காடு குறைவதைக் காட்டியது. 2022 நவம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரையாகவே வெளியிட்டது. குழந்தைக்குச் சூடு, தாய்க்குப் பால், இரண்டுக்கும் மேலாக, ஒன்றும் செய்ய முடியாதவளாக நின்றவளுக்கு அவளால் மட்டுமே செய்யக்கூடிய ஒரு வேலை. தந்தையின் மார்பும் இதற்கு உதவும். மலேசியச் சட்டம் தந்தைக்குத் தருவது தொடர்ந்து 7 நாள் விடுப்பு. குழந்தை இன்னும் மூச்சுக் குழாயில் இருக்கும்போதே அது முடிந்துபோகும். வீட்டுக்கு வரும் நாளுக்கு ஒன்றும் மிஞ்சாது.

வீட்டுக்கு வந்த பிறகு அழுத்தம் வேறு உருவம் எடுக்கிறது. மாதம் நிறைந்த குழந்தை தனக்கு என்ன வேண்டும் என்பதை உரக்கச் சொல்லத் தெரிந்து பிறக்கிறது. குறைமாதக் குழந்தையின் குறிப்புகள் மங்கலானவை. அழுகை மெலிதாக இருக்கும். அல்லது ஆரம்பித்தால் ஓயாது. கண்ணுக்குக் கண் பார்த்துச் சிரிப்பது தாமதமாகும். கொஞ்சிக்கொண்டே இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், கொட்டாவி விடும், விக்கல் வரும், விரல்களை விசிறி போல விரிக்கும். இவையெல்லாம் 'போதும், கொஞ்சம் விடு' என்று அதன் நரம்பு மண்டலம் கேட்கும் ஓய்வு என்பதை ஹைடலீஸ் ஆல்ஸ் என்ற உளவியலாளர் 1980களில் விரிவாக எழுதினார். தெரியாதவருக்கு அது நிராகரிப்பாகத் தோன்றும். பிள்ளை என்னைப் பார்க்கவே மாட்டேன் என்கிறது என்று தாய் இன்னும் பலமாகக் கிலுகிலுப்பையை ஆட்டுவாள். பிள்ளை இன்னும் திரும்பிக்கொள்ளும். இருவரிடமும் தவறில்லை. இருவருக்கும் இடையில் ஒரு சிக்கல் விழுந்துவிடுகிறது.

ஆய்வுகள் 'பெற்றோரின் மன அழுத்தம் கூடினால் குழந்தையின் மொழியும் நடத்தையும் பின்தங்குகின்றன' என்று சொல்லும்போது, இந்தச் சிக்கலின் ஒரு முனையைத்தான் பிடித்துக் காட்டுகின்றன. மறுமுனையும் உண்மை: சிரமமான குழந்தை, உண்ணாத குழந்தை, அடிக்கடி மருத்துவமனைக்கு ஓட வைக்கும் குழந்தை பெற்றோரின் அழுத்தத்தைக் கூட்டுகிறது. எது முதலில் என்று பிரிப்பது எளிதல்ல. எனவே, 'நீ கவலைப்படுவதால்தான் பிள்ளை பேசவில்லை' என்று தாயிடம் சொல்கிறவர் அறிவியலைச் சொல்லவில்லை, வெறும் வம்பைச் சொல்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2013இல் டச்சு ஆய்வாளர்கள் 38 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, 3,000க்கும் மேற்பட்ட குறைமாதக் குழந்தைகளின் பெற்றோரைப் பற்றிய முடிவுகளை அலசினார்கள். மற்ற பெற்றோரைவிட இவர்களின் அழுத்தம் கூடுதல்தான், வித்தியாசம் சிறியது. அதுவும் 1980கள் முதல் படிப்படியாகக் குறைந்துவந்திருக்கிறது. சிசுப் பராமரிப்பு மேம்பட்டதும், பெற்றோரை உள்ளே விட்டதும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். என் பார்வையில் இது இரண்டு வகையில் முக்கியம். குறைமாதப் பிரசவம் ஆனதாலேயே ஒரு தாய் உடைந்துபோவாள் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. ஏற்பாடுகள் மாறினால் அழுத்தம் மாறும் என்பதற்கும் இதுவே சான்று. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் வசதியான நாடுகளில் நடந்தவை என்பதை மட்டும் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

தலைகீழான ஆபத்தும் உண்டு. 1964இல் கிரீன், சோல்னிட் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், சாவின் விளிம்புவரை போய்த் திரும்பிய குழந்தைகளை, உடம்பு முழுவதும் தேறிய பிறகும், பெற்றோர் கண்ணாடிப் பாத்திரமாகவே நடத்துவதைக் கவனித்து எழுதினார்கள். நம் ஊரில் இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. இடுப்பைவிட்டு இறக்காத பாட்டிமார், நான்கு வயதிலும் ஊட்டிவிடும் தாய், 'அது பாவம், குறைமாதம்' என்று ஒவ்வொரு அடத்துக்கும் விட்டுக்கொடுக்கும் அத்தை. விழுந்து எழாத குழந்தை நடக்கப் பழகுவது தாமதமாகும். அன்புதான், அதன் பயம்தான் பிரச்சினை.

பாட்டிமாரைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் வேறு சிலவற்றையும் முடித்துவிடலாம். குளிப்பாட்டிய பிறகு சாம்பிராணிப் புகை காட்டுவது முழுமாதக் குழந்தைக்கே நல்லதல்ல. வாரக்கணக்கில் ஆக்ஸிஜனில் இருந்த நுரையீரலுக்குக் கெடுதல். ஜாதிக்காயும் வசம்பும் உரைத்து நாக்கில் தடவுவது தொற்றுக்கும் புரையேறுவதற்கும் வழி. ஏணையில் சற்று நேரம் ஆட்டுவதோடு நிறுத்திக்கொண்டு, தூங்கவைப்பதைச் சமதரையில், மல்லாத்தி, தலையணை இல்லாமல் செய்ய வேண்டும். தூக்கத்தில் திடீரென மூச்சு நின்றுபோகும் ஆபத்து குறைமாதக் குழந்தைகளுக்குக் கூடுதல். சக்கர நடைவண்டி வேண்டவே வேண்டாம். விரல் நுனியில் நிற்கும் பழக்கத்தையும் கால் தசை இறுக்கத்தையும் அது வளர்க்கும். கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. பாட்டியின் கையில் இருக்கும் நல்லதையும் சொல்லிவிட வேண்டும்: மெல்லிய எண்ணெய்த் தடவல், தாலாட்டு, ஓயாத பேச்சு. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் நடந்து 2014இல் வெளியான ஆய்வு ஒன்றில், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது பெரியவர்களின் பேச்சை அதிகம் கேட்ட குறைமாதக் குழந்தைகள், 7 மாதத்திலும் 18 மாதத்திலும் வளர்ச்சிச் சோதனையில் மேலாக நின்றார்கள். தமிழில் பேசினால் பிள்ளை குழம்பிவிடும், பள்ளிக்கூடம் போகும்போது கஷ்டப்படும் என்று வாயை மூடிக்கொள்ளும் வீடுகள் நம்மிடம் இருக்கின்றன. இரண்டு மொழி, மூன்று மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. ஒரு மொழியும் போதிய அளவு கேட்காததுதான் குறை.

வளர்ச்சியை அளக்கும் முறையில் பெற்றோரை அதிகம் குழப்புவது வயதுக் கணக்கு. குறைமாதக் குழந்தைக்கு இரண்டு வயது நிறையும்வரை, வளர்ச்சியைப் பார்க்கும்போது, எத்தனை வாரம் முன்னதாகப் பிறந்ததோ அத்தனை வாரத்தைக் கழித்துவிட வேண்டும். 12 வாரம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு இன்று 7 மாதம் என்றால், உட்காருகிறதா, கவிழ்கிறதா என்று பார்ப்பதற்கு அதன் வயது ஏறத்தாழ 4 மாதம். இந்தக் கழித்தல் தெரியாததால் விளையும் தேவையற்ற கண்ணீர் கொஞ்சமல்ல. பக்கத்து வீட்டில் அதே வாரம் பிறந்த குழந்தை தவழும். இது தலையைத்தான் நிமிர்த்தும். அம்மா இரவெல்லாம் அழுவாள். தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழித்தல் கிடையாது. அது பிறந்த தேதிப்படியே போட வேண்டும். பிள்ளை இன்னும் சின்னது, தாங்காது என்று தள்ளிப்போடுவது தவறு. தொற்று வந்தால் அதிகம் பாதிக்கப்படுவது இந்தக் குழந்தைதான்.

கழித்த பிறகும் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் உண்டு. 4 மாதத்துக்குப் பின்னும் தலை நிற்காதது, கை எப்போதும் முஷ்டியாகவே இறுகியிருப்பது, ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துவது, 9 மாதத்தில் உட்காராதது, 18 மாதத்தில் நடக்காதது. ஒரு கையை மட்டும் பயன்படுத்துவதை 'இடக்கைப் பழக்கம்' என்று சிரித்துக் கடந்துபோவார்கள். அந்த வயதில் அது மறுபக்கத்துத் தசைக் கோளாறின் முதல் அடையாளமாக இருக்கக்கூடும். கண்ணும் அவசரம். 32 வாரத்துக்கு முன் அல்லது 1,500 கிராமுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கு, பிறந்த 4 முதல் 6 வாரத்தில் விழித்திரைப் பரிசோதனை நடந்தாக வேண்டும். விழித்திரையில் இரத்தக் குழாய்கள் கோணலாக வளர்வதை உரிய நேரத்தில் கண்டால் பார்வையைக் காப்பாற்றலாம். அந்த வாரத்தைத் தவறவிட்டால் பார்வை போகக்கூடும். வீட்டுக்கு அனுப்பும்போது கையில் கொடுக்கும் தேதிச் சீட்டுகளில் இதுதான் தலையாயது.

கண், காது, நரம்பு, உடற்பயிற்சிச் சிகிச்சை, பேச்சுச் சிகிச்சை என்று தேதிகள் குவியும்போது அவை ஒவ்வொன்றும் ஒரு நாள் சம்பளம். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). அந்த வட்டத்தில் இருக்கும் குடும்பத்தில் ஒரு சந்திப்பு தவறினால் கோப்பில் 'வரவில்லை' என்று எழுதப்படும். ஏன் வரவில்லை என்பதற்கு அங்கே இடமிருக்காது. 98 நாள் விடுப்பைக் கொண்டுவந்த அதே சட்டத் திருத்தம் இன்னொன்றையும் தந்தது: வேலை நேரம், நாள், இடத்தை மாற்றித் தரும்படி எழுத்துபூர்வமாக விண்ணப்பிக்கும் உரிமை. முதலாளி 60 நாளுக்குள் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கேட்டவுடன் கிடைத்துவிடும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் இதைக் கேட்கலாம் என்பதே தொழிற்சாலையில் நிற்கும் பல பெண்களுக்குத் தெரியாது. குழந்தை இன்னும் மருத்துவமனையில் இருக்கும்போதே எழுதிக் கொடுப்பது நல்லது. குறைமாதப் பிரசவமானால் மருத்துவமனையில் கழிந்த வாரங்களை விடுப்போடு கூட்டித் தரும் சட்டம் சில நாடுகளில் இருக்கிறது. நம் தொழிற்சங்கங்களும் நாடாளுமன்றத்தில் இருப்பவர்களும் கேட்கத் தகுந்த கோரிக்கை அது. மேடைக்கு மேடை தாய்மையைப் புகழ்வதைவிடப் பயனுள்ளது.

எந்த உதவி உண்மையில் பலன் தருகிறது? நார்வேயின் துரோம்சோ நகரில் நடந்த ஒரு சோதனை கவனிக்கத் தகுந்தது. 2,000 கிராமுக்குக் குறைந்த எடையில் பிறந்த குழந்தைகளின் பெற்றோரோடு, வீடு திரும்பும் முன் சில நாள்களும் பிறகு வீட்டில் நான்கு முறையும் தாதியர் உட்கார்ந்து, குழந்தையின் குறிப்புகளைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். எப்போது களைத்திருக்கிறது, எப்போது விளையாடத் தயார், எப்படி அமைதிப்படுத்துவது. விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை. 2006இல் வெளியான முடிவுப்படி, பெற்றோரின் அழுத்தம், தாய் தந்தை இருவருக்குமே, முழுமாதக் குழந்தைகளின் பெற்றோர் அளவுக்குக் குறைந்தது. குழந்தைகளின் அறிவுத்திறனில் 2 வயதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 5 வயதில் தெரிந்தது. எல்லாச் சோதனைகளும் இப்படி முடிந்துவிடவில்லை. 25 சோதனைகளைத் தொகுத்து 2015இல் வெளியான மதிப்பாய்வு, இத்தகைய ஆரம்பகாலப் பயிற்சிகளின் பலன் பள்ளிக்கு முந்தைய வயதுவரை நிற்கிறது, பள்ளி வயதில் தேய்ந்துவிடுகிறது என்றது. ஒரு முறை உதவிவிட்டுக் கைகழுவக் கூடாது என்று அதைப் படிக்கலாம்.

சுங்கை சிப்புட் போன்ற ஊரில் இதற்கான எலும்புக்கூடு ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் என் வாதம். பிரசவத்துக்குப் பின் வீட்டுக்கே வந்து பார்க்கும் மிஸ்ஸிமார் மலேசியப் பொதுச் சுகாதாரத்தின் பெரும் பலம். அவர்கள் எடை பார்க்கிறார்கள், தொப்புள் பார்க்கிறார்கள், மஞ்சள் காமாலை பார்க்கிறார்கள். அந்த வருகையிலேயே கால் மணி நேரம் குழந்தையின் முகத்தைச் சேர்ந்து பார்ப்பதற்கும், தாயிடம் 10 கேள்வி கேட்பதற்கும் இடம் வேண்டும். 1987இல் எடின்பரோவில் உருவான பேறுகால மனச்சோர்வு வினாப்பட்டியல் 10 கேள்விகள் கொண்டது, தமிழிலும் இருக்கிறது. அதைத் தமிழில் கேட்பதுதான் முக்கியம். மலாயில் 'சரியாக இருக்கிறேன்' என்று பதில் சொல்லிப் பழகிய பெண், தமிழில் கேட்டால் அழத் தொடங்குவாள். மாமியார் பக்கத்தில் இல்லாதபோது கேட்பது அதைவிட முக்கியம். தூக்கமே வராமல், குழந்தை தன்னுடையது என்றே தோன்றாமல், செத்துவிடலாம் என்ற நினைப்பு வருகிறது என்றால் அது சோம்பலும் அல்ல, தோஷமும் அல்ல. மருத்துவம் உள்ள நோய். யாரிடமும் பேச முடியாதவர்கள் அரசின் மனநல உதவி எண் 15555ஐ அழைக்கலாம்.

தந்தையர் இந்தப் பேச்சில் எப்போதும் விடுபட்டுப்போகிறார்கள். சில ஆய்வுகளில் அவர்களின் அழுத்தம் தாயினுடையதற்குக் குறைவில்லை; வெளிப்படுவதுதான் வேறு. கூடுதல் ஓவர்டைம், குறைந்த பேச்சு, சிலரிடம் குடி. 'வைத்தியச் செலவுக்கு ஓடுகிறார்' என்று வீடு மதிக்கும். அவரை உட்கார வைத்துப் பிள்ளையை மார்பில் படுக்க வைத்த மருத்துவமனைகள் அவரிடமும் மாற்றத்தைக் கண்டிருக்கின்றன. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 26 பிரிவுகளில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், பெற்றோரைப் பார்வையாளராக வைக்காமல் பராமரிப்பவர்களாகவே சேர்த்துக்கொண்டபோது குழந்தையின் எடை நன்றாக ஏறியது, பெற்றோரின் அழுத்தமும் பதற்றமும் குறைந்தன.

உண்மையான தாமதம் கண்டறியப்பட்ட குழந்தைக்கு, சமூக நல இலாகாவின் கீழ் இயங்கும் சமூக மறுவாழ்வு மையங்கள் உண்டு. 1984இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் சிறிய அளவில் தொடங்கி நாடு முழுவதும் பரவிய திட்டம். பல தமிழ்க் குடும்பங்கள் அங்கே போவதற்குக் கூசுகின்றன. மாற்றுத்திறனாளி அட்டை எடுத்தால் பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடும் என்ற பயம். அட்டை இல்லாமல் கைநழுவுவது பயிற்சியும் உதவித்தொகையும் என்பதைக் கிளினிக்கில் யாராவது பொறுமையாக விளக்கியாக வேண்டும்.

பள்ளி வயதில் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. மலேசியாவில் முதலாம் ஆண்டுச் சேர்க்கை பிறந்த ஆண்டை வைத்து நடக்கிறது. பிப்ரவரி கடைசியில் பிறக்க வேண்டிய குழந்தை 12 வாரம் முன்னதாக டிசம்பர் தொடக்கத்தில் பிறந்தால், ஒரு முழு ஆண்டு மூத்த வகுப்பில் போய் உட்காரும். வயதால் வகுப்பிலேயே கடைக்குட்டி. மூளை வளர்ச்சியில் அதற்கும் மூன்று மாதம் இளையது. குறைமாதத்தில் பிறந்த பலரிடம் கவனச் சிதறலும் கணக்கில் தடுமாற்றமும் கூடுதலாகத் தென்படுவது நிலைநாட்டப்பட்ட செய்தி. துறுதுறுவென்று ஓடும் வகையாக அது இருப்பதில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் பின்தங்கும் வகை. அதனால் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் கண்ணில் அது 'அமைதியான பிள்ளை'யாக மூன்றாம் ஆண்டுவரை கடந்துபோய்விடும். பெற்றோரும் அதற்குள் பழைய கதையைக் கிளற விரும்ப மாட்டார்கள். பிழைத்ததே பெரிது என்று விட்டுவிடுவார்கள். பாலர் பள்ளியில் சேர்க்கும்போதே எத்தனை வாரத்தில் பிறந்தது, எத்தனை நாள் மருத்துவமனையில் இருந்தது, கண்ணும் காதும் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்ற மூன்று செய்தியையும் ஒரு தாளில் எழுதி ஆசிரியரிடம் கொடுத்துவிடலாம். பிறப்புச் சான்றிதழில் அவை எதுவும் இருக்காது.